ஒரே ராத்திரியில் இத்தனை ஏலம் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நம் வாட்ஸ்அப் கார்டு ஏலக் குழு ஒன்றில் ஒரு பழைய போக்கிமான் கார்டு அடிமாட்டு விலைக்குப் போனதை எல்லோரும் பார்த்தீர்கள். ஸ்கிரீன்ஷாட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் குழு, யார் அட்மின் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஆனால் ஏலம் முடிந்த கையோடு, "அந்தக் கார்டுக்கு இன்றைக்கு அவ்வளவுதான் மதிப்பு, விடுங்க அண்ணா" என்று ஒரு தம்பி எழுதினாரே, அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

தம்பி, அது கார்டின் மதிப்பு இல்லை. ஒரே ஞாயிறு, ஒரே ஒன்பது மணிக்கு, டர்பனில் இரண்டு, ஜோஹன்னஸ்பர்க்கில் ஒன்று, கேப் டவுனில் ஒன்று என்று நாலு ஏலத்தை ஒன்றாக மூடினால் வருகிற விலை அது. அதுவும் மாசத்தின் நடுவில். இந்தத் தென்னாப்பிரிக்காவில் பலரும் 25-ஆம் தேதி வாக்கில்தான் சம்பளம் பார்க்கிறார்கள் என்பது ஏலம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா?

ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது ஜெயிக்கிறவர் என்று நினைக்கிறோம். அவருக்கு அடுத்தபடியாகக் கேட்கிறவர்தான் நிர்ணயிக்கிறார். ஒருவர் 5000 ரேண்ட் வரை போகத் தயார், இன்னொருவர் 4500 வரை போவார் என்று வையுங்கள். இருவரும் ஒரே இடத்தில் இருந்தால் கார்டு 4500-ஐ ஒட்டித்தான் முடியும். இரண்டாவது ஆளைப் பக்கத்துக் குழுவுக்கு இழுத்துவிட்டால், முதல் ஆள் அதே கார்டை 1000-க்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கார்டும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. போட்டிக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. கையில் 3000 ரேண்ட் மட்டுமே இருக்கிற ஒருவர் ஒரு குழுவில் முன்னணியில் நிற்கிறார். இன்னொரு குழுவில் அதைவிட நல்ல கார்டு ஓடுகிறது. கேட்பாரா? மாட்டார். இரண்டும் தன் தலையில் விழுந்தால் பணம் கட்ட முடியாது, பிளாக்லிஸ்ட் செய்துவிடுவார்கள். அதனால் முதல் ஏலத்தின் முடிவு தெரிகிறவரை சும்மா இருக்கிறார். அதற்குள் மற்றதும் மூடிவிடுகிறது. ஞாயிறு ராத்திரி கையில் பணத்தை வைத்துக்கொண்டே கேட்காமல் போனவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசை இருந்தது, காசும் இருந்தது. நேரத்தைக் கெடுத்தது நாம்.

ஹெரிடேஜ், கோல்டின் மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் வாராவாரம் ஏலம் விடுகின்றனவே என்று உடனே சொல்வீர்கள். சரி, அவர்களிடம் உலகமே வந்து கேட்கிறது. நம்மிடம் எல்லாக் குழுவிலும் அதே முகங்கள்தான். அவ்வளவு பெரிய சந்தையிலேயே சரக்கு குவிந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தோம். 1986-இல் ஃப்ளீர் நிறுவனம் போட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, கார்டின் நிலையைப் பார்த்து மார்க் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் உச்ச மார்க்கான 10 வாங்கியது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது. அந்த விலையைப் பார்த்ததும் பெட்டியில் வைத்திருந்தவர்கள் எல்லாம் வெளியே எடுத்தார்கள். சில மாதங்களிலேயே அதே கார்டு, அதே மார்க், பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எந்த மூலைக்கு?

"வாங்குகிறவனுக்கு மலிவாகக் கிடைக்கிறதே, அது நல்லதுதானே" என்கிறார்கள். உண்மைதான், ஸ்கூல் படிக்கிற பையனுக்குக் கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தப் பையன் நாளைக்கு விற்க வரும்போது இதே ஞாயிற்றுக்கிழமை விலையைத்தான் அவன் மூஞ்சியில் காட்டுவீர்கள். கடைசியாக என்ன விலைக்குப் போனது என்பதை மட்டும் பார்த்தே அடுத்த விலையைப் பேசுகிறோம். ஒரு ராத்திரி அடிமாட்டு விலைக்குப் போனால், அந்தக் கார்டை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதன் விலை இறங்கிவிட்டது.

"ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே தர மாட்டோம் என்ற விலை, வைத்திருக்கலாமே?" இதைக் கேட்கிறவர்களுக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டோம். ரிசர்வ் வைத்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், 1 ரேண்டில் ஆரம்பித்தால்தான் கூட்டம் சேரும் என்று சொன்னது அட்மின்களே, நீங்கள்.

ஞாயிறு ராத்திரி போனது என் அக்காவின் கார்டு. அத்தான் சேர்த்து வைத்தது. 1999-இல் ஆங்கிலத்தில் வந்த முதல் போக்கிமான் செட், மொத்தம் 102 கார்டு, அதில் ஹோலோ என்கிற பளபளப்புக் கார்டு 16. பதினாறையும் அத்தான் சேர்த்திருந்தார். டர்பன் புழுக்கத்தில் ஹோலோ கார்டு என்ன பாடுபடும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அட்டை ஈரத்தைக் குடித்து உப்பும், மேலே இருக்கிற பளபளப்புத் தாள் உப்பாது, கார்டு வில் மாதிரி வளைந்துவிடும். அத்தான் டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் புதுச் செருப்புப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சொந்தக்காரர்களிடம் எல்லாம் கேட்டு வாங்கி, ரப்பர் ஓரம் வைத்த டப்பாவில் ஃபோல்டரோடு சேர்த்து வைப்பார். மழைக்காலத்தில் டப்பாவைத் திறக்கவே விட மாட்டார். பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுவார். இப்போது விற்ற கார்டான 4/102 சாரிசார்டை டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையோடு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுவார், தொட விட மாட்டார். அது ஏலத்துக்குப் போன அன்றைக்கும் தட்டையாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கூடக் கிடையாது.

அவர் போன பிறகு அக்கா அதை எடுக்கவே இல்லை. மகளுக்கு ஜனவரியில் யூனிவர்சிட்டி பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், அதனால்தான் எடுத்தாள். விலை விழுந்ததும் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அவர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தது இதற்குத்தானா?" அதற்கு நான் என்ன சொல்ல? மார்க்கெட் மந்தம் என்றா?

அப்புறம் இன்னொன்று. ஆள் இல்லாத ஏலத்தில் ஆள் இருப்பதாகக் காட்டத் தோன்றும். அதுவும் நடக்கிறது. முதல் வாரம் நல்ல விலைக்கு "விற்ற" கார்டு இரண்டாம் வாரம் மறுபடியும் பட்டியலில் வருகிறதே, வாங்கியவர் எங்கே போனார்? பொருளுக்குச் சொந்தக்காரரோ அவருக்காக வேறு ஒருவரோ கேட்பதாக இருந்தால் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அறிவிக்காமல் கேட்கக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 45-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நடந்தால் ஏலம் இல்லை என்று ஆகிவிடுமா? ஏலம் குறைவாக, கூட்டம் நிறைவாக இருந்தால் இந்தத் திருட்டுத்தனத்துக்கே வேலை இருக்காது.

"நீ விற்கிறவன், அதனால் புலம்புகிறாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் விற்றதைவிட உங்களிடம் வாங்கியது அதிகம் ஐயா. உங்கள் குழு தொடங்கிய நாளில் ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதை நீங்கள் மறந்ததுதான் விலையைவிட அதிகமாக வலிக்கிறது.

அட்மின்கள் எல்லோரும் ஒரு பொது நாட்காட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார இறுதிக்கு ஒரு ஏலம், பெரிய ஏலம் என்றால் 25-ஆம் தேதிக்குப் பிறகு. யாருடைய பிழைப்பும் கெட்டுவிடாது. நாட்காட்டியை நானே போட்டுத் தருகிறேன், யார் முன்வருகிறீர்கள்?

அத்தானின் மற்ற 15 ஹோலோக்களும் அந்த நாட்காட்டி வரும்வரை எந்த ஏலத்துக்கும் வராது. வேண்டும் என்கிறவர்கள் நேரடியாக எனக்கு எழுதுங்கள், அக்காவிடம் கேட்டு விலை சொல்கிறேன். பணம் வந்ததும் அடுத்த நாளே புடோ கூரியர் லாக்கரில் போட்டுவிடுகிறேன்.