ஃபேன் காற்றையும் கணக்கில் சேருங்கள்

வீட்டுக்குப் புரொஜெக்டர் திரை வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை, மோட்டார் திரையா, கையால் இழுக்கும் திரையா என்பதை விலையை வைத்தே பேசுகிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது துணி எப்படி விறைப்பாக நிற்கிறது என்பதைத்தான். அடிக்கம்பியின் கனத்தில் மட்டும் தொங்கும் துணி நாளாக நாளாக ஓரம் சுருண்டு அலை விழும். சாதாரணப் புரொஜெக்டரில் அது அவ்வளவாகத் தெரியாது. கிரிக்கெட்டில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது எல்லைக்கோடு நெளிந்து போகும், அப்போதுதான் உறுத்தும். சுவரோரம் வைத்து, மிக அருகிலிருந்தே படம் காட்டும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் என்றால் கதையே வேறு. ஒளி கீழிருந்து மிகச் சாய்வாக ஏறுவதால் சின்ன மடிப்புகூடப் பூதாகரமாகத் தெரியும். அதற்கு இரு ஓரத்தையும் கயிற்றால் இழுத்துப் பிடிக்கும் டேப் டென்ஷன் திரைதான் சரி, விலை கூடினாலும்.

அப்புறம், நம்ம ஊர் ஹாலில் சீலிங் ஃபேன் இல்லாமல் முடியுமா? டென்ஷன் இல்லாத திரை அந்தக் காற்றுக்கே லேசாக ஆடும், படமும் கூடவே ஆடும்.

16:9 விகிதத்தில் மூலைக்கு மூலை 100 அங்குலம் என்றால் படம் விழும் இடம் மட்டும் சுமார் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். திரை சுருளும் பெட்டி இதைவிட நீளம், எடையும் அதிகம். ஃபால்ஸ் சீலிங் பலகையில் மாட்டிவிடாதீர்கள். மேலே உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். மோட்டார் வகைக்கு மேலேயே ஒரு பிளக் பாயிண்ட் வேண்டும், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே. விளக்கணைத்துப் பார்க்கும் அறைக்கு கெயின் (திரை ஒளியைத் திருப்பித் தரும் அளவு) 1.0 அல்லது 1.1 உள்ள, பளபளப்பில்லாத மேட் வெள்ளைத் திரையே போதும்.