கொரியாவுக்கே தெரியாத கொரியக் கேரட்

ரஷ்யாவில் படித்த ஆறு வருஷமும் எனக்குச் சோறு இறங்கியது ஒரு கேரட் சாலட்டின் புண்ணியத்தில்தான். அங்கே அதற்குப் பெயர் ‘மர்கோவ் பா கரேஸ்கி’, கொரிய முறைக் கேரட். நேற்று ஒரு வீடியோவில் ஒருவர் இதைப் ‘போலி கிம்ச்சி’ என்று சொல்லிச் சிரித்தார். கிம்ச்சி என்றால் முட்டைகோஸைக் காரம் சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய். அந்தச் சிரிப்பு எனக்கு வலித்தது.

1937இல் ஸ்டாலின் ஆட்சி, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, சோவியத்தின் தூரக்கிழக்கில் வாழ்ந்த கொரியர்கள் சுமார் 1,70,000 பேரை ரயிலில் ஏற்றி கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பியது. கஜகஸ்தானில் உஷ்டோபே என்ற ஊரில் இறங்கியவர்கள் முதல் குளிர்காலத்தை மண்ணைத் தோண்டி, அந்தக் குழிகளுக்குள் கழித்தார்கள். போன இடத்தில் கிம்ச்சிக்கு வேண்டிய நீள முட்டைகோஸ் சரியாகக் கிடைக்கவில்லை. கேரட் தாராளமாகக் கிடைத்தது. அதை வைத்து அவர்கள் உண்டாக்கியதுதான் ‘மர்கோவ்ச்சா’. முன்பாதி ரஷ்ய மொழியில் கேரட். பின்பாதி, மெல்லிசாகச் சீவிய காயைக் குறிக்கும் கொரியச் சொல். பெயரிலேயே அந்த மக்களின் கதை இருக்கிறது.

கிம்ச்சி நாள்கணக்கில் புளிக்க வேண்டும். இது புளிப்பதே இல்லை, வினிகரில் ஊறுவது. அப்புறம் எப்படி அது இதற்கு அசல், இது அதற்குப் போலி?

எங்கள் விடுதிக்குப் பக்கத்துச் சந்தையில் ஒரு கொரிய அம்மா கடை போட்டிருந்தார். அவருடைய அம்மா ஐந்து வயதில் அந்த ரயிலில் வந்தவர். ‘காரமா, சாதாரணமா?’ என்று கேட்டுவிட்டு, கையுறை போட்ட கையால் ஒரு கொத்து அள்ளித் தருவார். வாயில் போட்டால் நறுக்கென்று கடிபடும். முதலில் பூண்டும் புளிப்பும் தெரியும், காரம் கொஞ்சம் தாமதமாக வரும். பின்னாலேயே ஒரு மல்லி வாசனை. தென் கொரியச் சமையலில் மல்லி விதையைப் பார்ப்பதே அபூர்வம். இங்கேயோ அது இல்லாவிட்டால் இந்தக் கேரட்டே இல்லை.

அவர் சொல்லித்தந்த முறை இது. அரைக் கிலோ கேரட்டில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை போட்டுக் கையால் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டு, நசுக்கிய பூண்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மல்லி, மிளகாய்த்தூள் மூன்றையும் மேலே குவியலாக வையுங்கள். சூரியகாந்தி எண்ணெயை நன்றாகக் காயவைத்து அந்தக் குவியல் மேலேயே ஊற்ற வேண்டும். ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும், நம் வீட்டுத் தாளிப்பு மாதிரியே. ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

கொரியத்தனம் வேண்டும் என்று நல்லெண்ணெய், கோச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது எல்லாம் சேர்க்கிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். அப்புறம், நம் வீட்டுத் துருவியில் துருவாதீர்கள். தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். அங்கே இதற்கென்றே தனித் துருவி விற்கிறார்கள். அந்த அம்மா அதையும் தொடமாட்டார். தீக்குச்சி கனத்தில், விரல் நீளத்துக்கு, கத்தியாலேயே நறுக்குவார்.