வைலரின் காதும் ரஸ்ஸலின் கைகளும்

பழைய ஹாலிவுட் படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது 1946-இல் வந்த 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. போரைப் பற்றிய படம்தான், ஆனால் ஒரு போர்க்களக் காட்சிகூடக் கிடையாது. போர் முடிந்து மூன்று பேர் ஒரே விமானத்தில் ஊர் திரும்புகிறார்கள். ஆல் நடுவயதுக்காரர், வங்கி அதிகாரி. ஃப்ரெட் விமானப்படையில் கேப்டனாக இருந்தவன், அதற்கு முன்பு மருந்துக்கடையில் சோடா ஊற்றிக் கொடுத்தவன். ஹோமர் இரண்டு கைகளையும் இழந்த கடற்படைப் பையன். ஊருக்கு வந்தபின் இவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கிட்டத்தட்ட மூன்று மணி நேரக் கதை.

இந்தப் படத்தை ஏழு ஆஸ்கர் வாங்கிய படம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், இதை எடுத்தவர்கள் யார் என்பது. படத்தில் வருகிற மூன்று பேரைப் போலவே படத்தை உருவாக்கியவர்களில் பலரும் ஏதோ ஒரு போரைக் கண்டு வீடு திரும்பியவர்கள். இதன் உண்மைத்தன்மை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் அங்கேதான் கைகாட்டுவேன்.

இயக்குநர் வில்லியம் வைலர் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படைக்காக ஆவணப்படம் எடுத்தவர். 'மெம்ஃபிஸ் பெல்' படத்துக்காகக் குண்டுவீச்சு விமானங்களிலேயே ஏறி ஜெர்மனிக்கு மேலே பறந்தவர். 1945-இல் இத்தாலிக்கு மேல் ஒரு பி-25 விமானத்தில் இருந்து படம்பிடித்துவிட்டு இறங்கியபோது காது கேட்கவில்லை. ஒரு காது கடைசிவரை திரும்பவே இல்லை, மற்றொன்றிலும் ஓரளவுதான் கேட்டது. நடிகர்களின் குரலைக் கேட்டுத் திருத்துவதுதான் இயக்குநரின் வேலையே, இனி படம் எடுக்க முடியுமா என்றே அவர் பயந்திருக்கிறார். இந்தப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவுக் கருவியோடு இணைத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடிகர்களைக் கேட்டார். ஊர் திரும்பியவனின் பயத்தை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் மட்டுமா? ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் போரின்போது கடற்படைப் படப்பிரிவில் இருந்தவர். திரைக்கதை எழுதிய ராபர்ட் ஷெர்வுட் முதல் உலகப் போரில் காயம்பட்டவர், இரண்டாம் போரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு உரைகள் எழுதிக் கொடுத்தவர். ஆலாக நடித்த ஃப்ரெட்ரிக் மார்ச் முதல் போரில் பீரங்கிப்படை அதிகாரி. மனைவியாக வரும் மிர்னா லாய் போர்க்காலத்தில் நடிப்பைக் கிட்டத்தட்ட ஒதுக்கி வைத்துவிட்டு செஞ்சிலுவைச் சங்க வேலைக்குப் போனவர். கதைக்கு மூலமான நூலை எழுதிய மெக்கின்லே கான்டோர் போர்ச் செய்தியாளர். திரும்பி வரும் வீரர்களைப் பற்றி 'டைம்' இதழில் வந்த ஒரு கட்டுரையைத் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்கு அவருடைய மனைவி காட்ட, அவர்தான் கான்டோரை எழுதச் சொன்னார்.

அப்புறம் ஹரால்ட் ரஸ்ஸல். ஹோமராக வருபவர். இவர் நடிகரே இல்லை. பயிற்சி கொடுக்கும் ராணுவ வீரராக வட கரோலினாவில் இருந்தபோது, பழுதான ஃபியூஸ் ஒன்று வெடித்து இரண்டு கைகளும் போயின. அது நடந்த நாள் 1944 ஜூன் 6. பிரான்சின் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையிறங்கிய அதே நாள். கை இழந்த வீரர்களுக்காக ராணுவம் எடுத்த ஒரு குறும்படத்தில் அவரைப் பார்த்துத்தான் வைலர் கூப்பிட்டார். கான்டோரின் நூலில் ஹோமருக்கு இருந்தது வேறு குறை, மூளையில் அடிபட்டு உடம்பு சொன்னபடி கேட்காத நிலை. ரஸ்ஸலுக்காகப் பாத்திரத்தையே மாற்றினார்கள். கோல்ட்வின் அவரை நடிப்பு வகுப்புக்கு அனுப்ப, வைலர் அதை நிறுத்திவிட்டார். அந்த ஒரு முடிவுக்காகவே வைலரைக் கும்பிடலாம்.

படுக்கையறைக் காட்சியைப் பாருங்கள். தன்னைக் காதலிக்கும் வில்மாவை ஹோமர் மாடிக்குக் கூட்டிப்போய், தோள்பட்டையை அசைத்து, கைகளுக்குப் பதிலாக மாட்டியிருக்கும் கொக்கிகளைக் கழற்றிக் கட்டிலில் போடுகிறான். இதைக் கழற்றிய பிறகு கதவு சாத்திக்கொண்டால் என்னால் திறக்க முடியாது, கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்கிறான். எந்த இடத்திலும் பரிதாபம் கேட்கவில்லை, இதுதான் நிலைமை என்று தெரியப்படுத்துகிறான். வில்மா அவனுடைய இரவுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். வில்மாவாக வரும் கேத்தி ஓடனல் அந்தப் பொத்தானைப் போடும் வேகத்தைக் கவனியுங்கள். அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. பயிற்சி பெற்ற நடிகர் ஒருவர் ஹோமராக இருந்திருந்தால் இந்தக் காட்சி கண்ணீர்க் காட்சியாகப் போயிருக்கும்.

எல்லோரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டார்கள் என்று மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. மதுக்கடைக் காட்சி ஒன்றில், நான் வசனம் பேசும்போது அந்தக் கொக்கியால் பாட்டிலைத் தூக்காதே, எல்லோரும் உன்னைத்தான் பார்ப்பார்கள் என்று மார்ச் கடிந்துகொண்டதை ரஸ்ஸலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தொழில்முறை நடிகரின் கவலை, அதில் தப்பில்லை.

அதே மதுக்கடையில்தான் டோலண்டின் பெயர் சொல்லும் ஷாட் இருக்கிறது. முன்னால் வலது பக்கம் பியானோ. ஹோமரும் கடைக்காரர் புட்ச்சும் சேர்ந்து வாசிக்கிறார்கள். புட்ச்சாக நடிப்பவர் ஹோகி கார்மைக்கேல், நிஜத்திலேயே பேர்பெற்ற இசையமைப்பாளர், பியானோக்காரர். பக்கத்தில் நின்று ஆல் கேட்கிறார். தூரத்தில், இடது மூலையில், ஒரு டெலிபோன் கூண்டுக்குள் ஃப்ரெட். ஆல் வற்புறுத்தியதால், அவர் மகளோடு இருக்கும் உறவை அந்த நிமிடத்தில் முறித்துக்கொண்டிருக்கிறான். அவன் பேசுவது ஒரு வார்த்தைகூட நமக்குக் கேட்காது. ஆல் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவில் தெரிவதால், எதைப் பார்ப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஃப்ரெட்டின் குளோஸப்புக்கு வெட்டிக் காட்டியிருந்தால் ஆலின் குற்றவுணர்ச்சி நமக்கு இவ்வளவு உறைத்திருக்காது. எடிட்டர் டேனியல் மாண்டெல் இந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். வெட்டாமல் விட்ட இடங்களுக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. ஃப்ரெட்டின் மனைவி மாரியை எழுதிய விதம் நியாயமே இல்லை. அவன் இன்னொருத்தியிடம் போவதற்கு வழி விட வேண்டும் என்பதற்காகவே அவளைக் கெட்டவளாக்கி வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியா மேயோ அந்த வேடத்தில் உயிரைக் கொடுத்து நடித்திருப்பதால்தான் அது கண்ணில் அதிகமாக உறுத்துகிறது.

இந்தப் படத்திலேயே சிவப்புச் சாயம் தேடியவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். 1947-இல் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியதும் வைலர் அதை எதிர்த்துக் குழு அமைத்தவர்களில் ஒருவர். இப்படியொரு படத்தை இன்று எடுக்க எனக்கு அனுமதி கிடைக்காது என்று வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். படம் வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை அப்போது.

விருதுக்கு வருகிறேன். ரஸ்ஸலுக்கு ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர். சக வீரர்களுக்கு நம்பிக்கை தந்ததற்காக ஒரு கௌரவ விருது, அப்புறம் சிறந்த துணை நடிகர் விருது. 1992-இல், மனைவியின் மருத்துவச் செலவுக்காகத் துணை நடிகர் விருதை ஏலத்தில் விற்றார். 60,500 டாலர். ஆஸ்கர் வழங்கும் அகாடமி எதிர்த்தது. ஆஸ்கர் சிலையை அவமதித்துவிட்டார் என்று அப்போது பேசியவர்களை என்னால் ஏற்கவே முடியாது. மனைவியின் உடம்பைவிட ஒரு சிலை பெரிதா? கௌரவ விருதை அவர் விற்கவில்லை.

எனக்கு ஆறாதது வேறு. இந்தப் படத்துக்காக டோலண்ட் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை. 1948-இல், 44 வயதில் இறந்தே போனார். ஃப்ரெட்டாக நடித்த டேனா ஆண்ட்ரூஸும் இல்லை. உடைத்துப் போடுவதற்காக வரிசையாக நிறுத்தியிருக்கும் பழைய குண்டுவீச்சு விமானங்களில் ஒன்றுக்குள் ஏறி, மூக்குப் பகுதியில் தன் பழைய இருக்கையில் அவன் உட்காரும் காட்சியில் ஃபிளாஷ்பேக் கிடையாது, வசனம் கிடையாது. இன்ஜின் கழற்றப்பட்ட இறக்கைகள் மீது கேமரா நகர, ஹியூகோ ஃப்ரீட்ஹோஃபரின் இசை இன்ஜின் இரைச்சலாக ஏறுகிறது. மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் வேர்த்து வழியும் ஒரு முகம், அவ்வளவுதான். அந்த முகத்தை வைத்துத்தான் ஒரு முழுப் போரையும் நாம் பார்க்கிறோம். இயக்கம், திரைக்கதை, இசை, எடிட்டிங், இரண்டு நடிகர்கள் என்று அள்ளிக் கொடுத்த அகாடமி ஆண்ட்ரூஸை இந்தப் படத்துக்கு மட்டுமல்ல, அவருடைய வாழ்நாளில் ஒரு முறைகூடப் பரிந்துரைக்கவில்லை.