பிள்ளைகளுக்கு வலி மறந்துவிடுமா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பிள்ளைகளுக்கு வலி சீக்கிரம் மறந்துவிடும். மாசக்கணக்கில் வலிக்குதுன்னு சொன்னால் ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறார்கள், கண்டுக்காதீங்க." இது பொய். தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அது நிஜ வலிதான்.

மறப்பது பற்றி? கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் மெலனி நோயல் பல வருடமாக இதைத்தான் ஆராய்கிறார். பட்ட வலியைவிட அதிகமாக ஞாபகம் வைத்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த முறை வலி கூடுவதை அந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இது நடிப்பே இல்லை, பெரியவர்களின் ஞாபகமும் அப்படித்தான்: வலி உச்சத்தில் இருந்த நேரமும் அது முடிந்த விதமும் அழுத்தமாகத் தங்கிவிடும், அன்றைய பயமும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

அதற்காக வலியைப் பற்றிப் பேசாமலே இருப்பதும் சரியில்லை. "ஊசி போட்டப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்து விட்டியே கண்ணு, நல்லா சமாளிச்சே" என்று நடந்ததையே எடுத்துச் சொல்லலாம். டான்சில் ஆபரேஷன் செய்த பிள்ளைகளிடம் பெற்றோர் இப்படிப் பேசியபோது வலி ஞாபகங்கள் லேசாயின. "உனக்கு வலிக்கவே இல்லை" என்று அடக்குவது வேறு, அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், போன மாசம் எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டால் பிள்ளை ஞாபகத்திலிருந்துதான் சொல்லும், அதனால் தினமும் வலி எவ்வளவு, தூக்கம் எப்படி என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதையே டாக்டரிடம் காட்டுங்கள்.