லோங்போட்டின் பெயரில் ஒரு பள்ளிக்கூடம்

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளின் கொடுமையைக் கனடா நினைவுகூரும் நாள் செப்டெம்பர் 30. அன்றைக்குப் பிள்ளைகளின் சொக்கர் (கால்பந்து) பயிற்சியிலும் அந்த நினைவின் அடையாளமான செம்மஞ்சள் ரீசேட்தான். விசில் ஊத முன்னம் யாராவது கைபேசியைப் பார்த்து, இந்த நிலம் இன்னின்ன பூர்வகுடிகளுடையது என்று அவசரமாக வாசிப்பார்கள். எல்லோரும் நின்று ஒரு படம். அப்புறம் ஆட்டம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்? எனக்கே அந்தப் பெயர்களில் பாதி வாயில் வராது.

திடலில் வைத்துச் சொல்வதென்றால் விளையாட்டுக்காரரின் கதையைச் சொல்லுங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோ மல்வேர்னில் ரொம் லோங்போட் என்ற ஓட்டவீரரின் பெயரில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தமிழர் நிறைய வாழும் பகுதி. அவர் யார் என்று உங்கள் வீட்டில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

ஒன்ராறியோவின் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிப் பகுதியைச் சேர்ந்தவர், ஒனொண்டாகா இனத்து மனிதர். சிறுவயதில் மோஹோக் இன்ஸ்ரிரியூட் என்ற வதிவிடப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து ஓடினார், பிடித்துவந்தார்கள், மறுபடியும் ஓடித் தப்பினார். 1907இல் பொஸ்ரன் மரதனில் முதலிடம். ரொறன்ரோ அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஒருநாள் கடுமையாக ஓடினால் மறுநாள் நடந்து உடம்பை ஆறவிடுவார். அதைப் பார்த்துப் பத்திரிகைகள் சோம்பேறி என்று எழுதின. இன்று எந்த ஓட்டப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்! பயிற்சிக்கு நடுவில் பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இதைச் சொன்னால், அவர்களின் காலுக்கே விளங்கும்.

ஆனால் 'விளையாட்டு எல்லோரையும் சேர்த்தது' என்று இனிப்புத் தடவிச் சொல்லக் கூடாது. பூர்வகுடி வீரர் ஃபிரெட் சசகமூஸ் 1953-54 பருவத்தில் சிக்காகோ அணிக்காக, வட அமெரிக்காவின் முதன்மையான ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லில் 11 ஆட்டங்கள் ஆடியவர். ஹொக்கி பழகியது வதிவிடப் பாடசாலையில். அங்கே தனக்கு நடந்த கொடுமைகளைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ரோஸ், லோங்போட்டின் சொந்த மக்களுடைய ஆட்டம். பயணச் செலவுக்குப் பணம் வாங்கிய பூர்வகுடி ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக்காரர் என்று சொல்லி 1880இல் தேசியப் போட்டிகளிலிருந்து ஒதுக்கினார்கள். 1994இல் அதே ஆட்டம் கனடாவின் தேசியக் கோடைக்கால விளையாட்டு! விளையாட்டுக்குள் அரசியல் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் காட்டினால் போதும்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் 87ஆவது, பூர்வகுடி விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மக்களுக்குக் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடமோ லீக்கோ செய்யட்டும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோடை முழுக்க எங்கள் தமிழ்ப் பழைய மாணவர் சங்கங்களின் சுற்றுப்போட்டிகள்தானே? லோங்போட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். நேரம் இல்லையென்றால் பிரதம விருந்தினருக்கான பொன்னாடைகளில் இரண்டைக் குறைக்கலாம்.