அந்தக் காணொளியை எடுத்துவிடுங்கள், சார்

காலையிலிருந்து ஏழெட்டுப் பேர் அதே காணொளியை எனக்கு அனுப்பிவிட்டார்கள். சார் ஒருவர் தன் வகுப்பில் எடுத்து முகநூலில் போட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று படிக்கிறாள். சார் மறுபடி படிக்கச் சொல்கிறார். மறுபடியும் 'வாளப்பளம்'. பின்னணியில் ஒரு சினிமா சிரிப்பு. கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக. 'செம க்யூட்' என்று எழுதியவர்களில் நான்கு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கும் ஆசிரியர்கள். (ழகரம் வராமலேயே தொலைக்காட்சியில் செய்தி வாசித்து ஓய்வுபெறப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் க்யூட் இல்லை போல.)

நேற்று அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். "பிள்ளையின் முகம் தெரியாமல் போட்டிருக்கலாமே, சார்." வந்த பதில்களில் நாகரிகமானது இது: "வயிற்றெரிச்சலுக்கு மோர் குடிங்க டீச்சர்." குடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். சரி. எங்கள் ஏழாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தை நான் கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) என்ற, திரையில் செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளை வைத்துத்தான் நடத்துகிறேன். இலவசம். திரையில் பிள்ளைகளே பேட்டரி, கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்து வைத்து இணைப்பார்கள். பல்பை விட்டுவிட்டுக் கம்பியை நேராகப் பேட்டரியின் இரண்டு முனைக்கும் கொடுத்தால் திரையில் தீப்பிடிக்கும். முதல் நாள் அந்தத் தீயைப் பார்க்கவே அத்தனை பேரும் வேண்டுமென்றே தப்பாக இணைத்தார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி. யார் கையும் சுடவில்லை, யாரும் திட்டவில்லை. கம்பியை எங்கே கொடுக்கக்கூடாது என்று அந்த வகுப்பில் ஒருவருக்கும் நான் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். பள்ளிக்குக் கணினியும் போனும் வந்ததில் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய வசதி, தப்புச் செய்து பார்க்கலாம், அழித்துவிட்டு மறுபடி செய்யலாம் என்பது. நாமெல்லாம் சிலேட்டில் எழுதி, எச்சில் தொட்டோ கோவை இலையைத் தேய்த்தோ அழித்து வளர்ந்தவர்கள்தானே? நம் தப்பு நம் கையோடு போயிற்று. இந்தப் பிள்ளையின் 'வாளப்பளம்' யார் கையோடு போகும்? அவளால் அதை அழிக்க முடியுமா? நீங்களே அழித்தாலும், இறக்கி வைத்திருப்பவர்களின் போன்களிலிருந்து போகுமா?

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் பாடம் நடத்தினேன். பாதி வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு கொத்து வேலைக்குப் போய்விடும். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். திக்குவாய். வகுப்பில் எழுப்பினால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இரவு ஒன்பது மணிக்கு மேல், அப்பா வந்த பிறகு, எனக்கு மட்டும் குரல் பதிவு அனுப்புவான். ஒரு திருக்குறள். ஒன்று வரும், நான் கேட்பதற்குள் 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று இருக்கும். இன்னொன்று வரும், அதையும் அழிப்பான். ஒருநாள் எண்ணினேன், பதினொரு முறை அழித்தான். பன்னிரண்டாவது தங்கியது. இரண்டு வரியும் முழுசாக வந்திருந்தது.

அதை நான் யாருக்கும் அனுப்பவில்லை. போட்டிருந்தால் எனக்கும் ஆயிரம் லைக் விழுந்திருக்கும், 'கண்கலங்க வைத்த மாணவன்' என்று தலைப்பும் கிடைத்திருக்கும். ஆனால் பதின்மூன்றாவது பதிவு எனக்கு வந்திருக்காது.

இப்போது சண்டைக்கு வருகிறவர்களுக்கு வருகிறேன். "பெற்றோரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்" என்கிறீர்கள். பிள்ளை தினமும் யாரிடம் போக வேண்டுமோ அந்த ஆசிரியரே தாளை நீட்டினால், நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்து நிற்கிற அம்மா மாட்டேன் என்றா சொல்வார்? முகநூலில் கணக்குத் தொடங்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. அந்தப் பிள்ளைக்கு எட்டு வயது. அவள் நுழைய முடியாத இடத்தில் அவள் முகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மேலிடத்திலேயே படம் கேட்கிறார்கள்" என்கிறீர்கள். கேட்கிறார்கள். மரம் நட்டால் படம், முட்டை போட்டால் படம். குழுவில் அனுப்புங்கள். சினிமாச் சிரிப்பைச் சேர்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு வரவில்லை.

"அரசுப் பள்ளி மேல் நம்பிக்கை வர வேண்டாமா, நாலு பேர் பார்த்தால்தானே உதவி வரும்?" இதற்கு மட்டும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் இதை நானே சொல்லியிருக்கிறேன்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. பள்ளிக் கூரை போயிற்று, புத்தகங்கள் ஊறிப்போயின. வெளியூர்க்காரர்கள் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தோள் கிழிந்த சீருடையில், இரண்டு கையையும் நீட்டி வாங்குவதைப் படம் எடுத்துப் போட்டேன். உதவி வந்தது, பொய் சொல்லவில்லை. சுற்றுச்சுவர் அந்தப் படத்தால்தான் வந்தது.

பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு அவள் என்னைத் தேடி வந்தாள். அவள் படிக்கிற பள்ளியில் யாரோ அந்தப் படத்தைத் தோண்டி எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "டீச்சர், அதை மட்டும் எடுத்துடுறீங்களா?" என்றாள். அவள் எதிரிலேயே எடுத்தேன். நான் எடுத்தது என் பக்கத்திலிருந்து. பகிர்ந்தவர்களிடமிருந்து யார் எடுப்பது? அவள் "தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டித்தான் சைக்கிளில் போனாள்.

ஆகவே, சார், உங்களைவிட நான் யோக்கியம் என்று எழுதவில்லை. வயிற்றெரிச்சல் என்றீர்களே, எரிகிறது, உண்மைதான். உங்கள் பார்வை எண்ணிக்கைக்காக இல்லை.

போனைக் கீழே வையுங்கள் என்றும் சொல்லவில்லை. பிள்ளை கையில் கொடுங்கள். கேரளத்தில் 2018-லிருந்து 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் தொழில்நுட்ப மன்றத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே கேமரா பிடிக்கிறார்கள், அசைபடம் செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் ஊரில் எடுக்க என்ன இல்லை? கயிறு திரிக்கிற ஆத்தாவிடம் பேட்டி எடுக்கட்டும். தூர்ந்த வாய்க்காலை எடுக்கட்டும். உங்களை எடுக்கட்டும், கரும்பலகையில் நீங்கள் ஒற்று விட்டு எழுதும்போது. சிரிப்புச் சத்தத்தை நான் சேர்த்துத் தருகிறேன்.

மன்னிக்கவும், கோபத்தில் வந்துவிட்டது. இருக்கட்டும், அழிக்கப் போவதில்லை.

நாளை எனக்கு முதல் பாடவேளை இருக்கிறது. பின்னூட்டங்களுக்கு மாலையில்தான் பதில் சொல்வேன், திட்டுகிறவர்கள் திட்டி வையுங்கள். அந்தக் காணொளியின் இணைப்பை மட்டும் யாரும் இங்கே போடாதீர்கள். போட்டால் எடுத்துவிடுவேன்.