அந்தப் பனித்திடல் யார் வயிற்றில் அடித்தது?

ரொறொன்ரோவில் எங்கள் பூங்காவில் குளிர்காலத்தில் அயலவர்கள் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்து உருவாக்கும் பனிச்சறுக்குத் திடலை நிறுத்த வேண்டும் என்று கையெழுத்துத் திரட்டப்பட்டதையும், நூலகக் கூட்டத்தில் நடந்ததையும் நீங்கள் அறிவீர்கள். நான் பேச எழுந்தபோது "தம்பிக்கு வெள்ளைக்காரரின் வருத்தம் தொற்றிவிட்டது" என்று பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணை தமிழில் சொன்னதும், நம்மவர்கள் சிரித்ததும் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் சுற்றி முடிந்துவிட்டன. அங்கே சொல்லவிடாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அது இலவசம். டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடும் இந்த ஊரில், காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், அங்கத்துவ அட்டை காட்டாமல் அயலவரின் முகத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன? கோடையில் வேலிக்கு மேலால் கத்தரிக்காய் நீட்டிய பக்கத்து வீட்டுக்காரரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவருடைய காரின் பின்விளக்காக மட்டுமே காண்கிறோம்.

வரிப்பணம் வீணாகிறது என்பவர்களுக்கு: ரொறொன்ரோ மாநகரசபை நடத்தும் வெளிப்புறத் திடல்கள் 50க்கும் மேல். அவற்றில் கொங்கிறீற் தளத்துக்கு அடியில் குழாய் பதித்து, குளிரூட்டிய திரவத்தை ஓடவிட்டு உறைய வைக்கிறார்கள். அதற்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மாநகரசபைக் கட்டடத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் கோடையில் நீர்த்தடாகமாக இருக்கும் அதே இடம்தான் குளிர்காலத்தில் சறுக்குத் திடலாகிறது. எங்கள் பூங்காவில் இருப்பதோ அந்த வகைகூட இல்லை. மாநகரசபை தண்ணீர் தருகிறது. இரவில் குழாய் பிடிப்பவர்கள் சம்பளம் வாங்காத அயலவர்கள்.

அந்த வேலை என்னவென்று கையெழுத்திட்டவர்களில் யாராவது பார்த்ததுண்டா? முதலில் பனியை மிதித்து இறுக்க வேண்டும். பிறகு மெல்லிய படையாகத் தண்ணீர் தெளித்து, அது முழுவதும் உறைந்த பின்பே அடுத்த படை. அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் மேலே ஓடுபோல் உறைந்து, உள்ளே வெற்றிடமாகி, காலை வைத்ததும் உடைந்துவிடும். வேலை முடிந்ததும் குழாயில் நிற்கும் நீரை முழுவதும் வடிக்காவிட்டால், மறுநாள் அதைச் சுருட்டவும் முடியாது. கையுறை நனைந்து குழாயின் பித்தளை முனையில் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்பவர்களைத்தான் "வேலைவெட்டி இல்லாதவர்கள்" என்று அன்று குறிப்பிட்டார்கள்.

"இது வெள்ளைக்காரரின் விளையாட்டு" என்ற கதைக்கு வருகிறேன். நகரின் கிழக்கே ஸ்காபரோவில் அல்பேர்ட் கம்பெல் சதுக்கத்திலுள்ள சறுக்குத் திடலுக்கு ஒரு சனிக்கிழமை போய் நின்று பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். என் மகளுக்கு நான் முதன்முதலில் சறுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டது அங்கேதான். நூலை எப்படி இழுத்தாலும் அவளுடைய கணுக்கால் உள்ளே சரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெரியவர் ஒருவர் எதுவும் பேசாமல் குனிந்து, அவளுடைய குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் தட்டிப் பின்னுக்கு அமர்த்தி, விரல்பக்கத்தில் தளர்வாகவும் கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டிவிட்டார். எங்கள் தெருவிலேயே குடியிருப்பவர் என்பது பிறகு பேசியபோதுதான் தெரிந்தது. என் மாமியார் சறுக்குவதில்லை. ஆனால் பூங்காத் திடலின் ஓரத்து வாங்கில் அந்தப் பெரியவரின் மனைவியோடு உட்கார்ந்து, இருவருக்கும் பொதுமொழி இல்லாமலேயே, மணிக்கணக்கில் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார். அந்த வாங்கு இல்லையென்றால் அவருக்குக் குளிர்காலம் முழுவதும் நிலக்கீழ் அறையும் தொலைக்காட்சித் தொடரும்தான்.

உள்ளரங்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. போட்டிகளில் ஆடும் பனி ஹொக்கி அணியில் ஒரு பிள்ளையைச் சேர்க்கப் பருவத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும். அந்தக் காசு உள்ள வீடுகள் கையெழுத்திடலாம். திரும்பவும் சொல்கிறேன், இது இலவசம்.

விழுந்தால் கால் முறியும் என்பவர்களுக்கு என்ன சொல்ல? தலைக்கவசம் போடுங்கள், மெதுவாகப் போங்கள்.

சத்தம் பற்றிய முறைப்பாடுதான் என்னை உண்மையில் சுட்டது. ஹொக்கிக் கட்டை பலகையில் மோதும் ஓசை சிலருடைய நித்திரையைக் கெடுக்கிறதாம். ஓகஸ்டில் மார்க்கம் வீதியை மூடி நாங்கள் தெருவிழா நடத்துகிறோம். தேர்த்திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறோம். அடுத்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்கிறார், பலர் வந்து கொத்து ரொட்டிக்கு வரிசையிலும் நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இரவு 9 மணி வரை விளையாடுவது மட்டும் நமக்குப் பொறுக்கவில்லை. "அவர்களுடைய" என்று நானே எழுதிவிட்டேன் பாருங்கள், அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் நம்முடைய பிள்ளைகள்.

குளிர்காலமே சூடாகி வருகிறது, இன்னும் எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு தங்கை கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றில் நேர்மையான கேள்வி அது ஒன்றுதான். ஒட்டாவாவின் ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீற்றர் நீளச் சறுக்குபாதை 1970களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் திறக்கப்பட்டு, 2022-23 குளிர்காலத்தில் முதன்முறையாகத் திறக்கப்படாமலே போனது. எங்கள் திடலும் ஒருநாள் உறையாமல் போகலாம். வெயில் மூடட்டும், ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து ஏன் மூட வேண்டும்?

பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ரியூஷன் இருக்கிறது, நேரம் எங்கே என்பது கடைசி வாதம். கணிதம், ஆங்கிலம், வயலின், மிருதங்கம் எல்லாவற்றுக்கும் காசு கட்டி, வாசலில் இறக்கி, வாசலில் ஏற்றுகிறோம். பிறகு, பிள்ளை யாரோடும் பழகுகிறான் இல்லை என்று அதே அண்ணை என்னிடமே வந்து கவலைப்பட்டார். அவருடைய மூத்த மகன் இரவில் என்னோடு குழாய் பிடிக்க வருகிறான் என்பதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நகரசபை உறுப்பினருக்குப் போகவிருக்கும் கையெழுத்துப் பட்டியலில் என் வீட்டு இலக்கமும் இருப்பதாக நேற்று அறிந்தேன். என்னிடமோ என் மனைவியிடமோ யாரும் கேட்கவில்லை. அதை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.